ஒல்லுப்போல உப்பு

மூன்று நாளாக ஒரு தோணியும் இறங்கவில்லை.
மோட்டார் சைக்கிளில் கட்டுகிற ஐஸ்பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்து
அதன் முதுகில் வைத்து வெங்காயம் வெட்டுகிறேன்.
நிந்தவூரில் வாடைக்காற்று
கூரைத் தகரங்களை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்க்கிறது,
கொடுத்த கடனைத் தேடி வந்தவன் மாதிரி.

மைசூர்ப் பருப்பு ஒரு சுண்டு.
கரட் ஒன்று, பாதி அழுகல்.
சீரகம். உள்ளி ஆறு பல்லு.
கோழிக்கழுத்து நாலு;
இறைச்சிக்கடை முஹாஜிர் காசு வாங்கவில்லை,
மழை விடட்டும் மீனாய்த் தாங்க என்றார்.

செய்முறை என் சேட்டுப் பைக்குள் இருக்கிறது,
ஒரு நிமிசம் பன்னிரண்டு செக்கன்.
குவைத்தில், ஒரு வீட்டின் உடுப்புக் கழுவும் அறையில்,
மெசினுக்குப் பின்னால் குந்தியிருந்து
நஜாஹா தாழ்ந்த குரலில் பேசியது:
“பருப்பு நல்லா அவியட்டும். மறுகா கடையணும்,
மத்து வேணாம், கரண்டியால.
தேசிக்காய அடுப்ப நிப்பாட்டிப் போட்டுத்தான் புழியணும்.
உப்பு ஒல்லுப்போல.”
அவ்வளவுதான். பிறகு தூரத்திலிருந்து யாரோ
“மர்யம்” என்று கூப்பிடுகிறார்கள்.
அது அவளைத்தான்.
அந்த வீட்டுக்கு வந்துபோன எல்லாப் பெண்களுக்கும்
அதே பெயராம்.

அங்கேயும் குளிராம்.
மணலுக்குள் குளிர் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.
ஒவ்வொரு ராவும் எட்டுப் பேருக்கு
இதே சூப்பைக் காய்ச்சுகிறாளாம்.

பருப்பு பொங்கி வரும்போது கறண்ட் போயிற்று.
பாட்டை இரண்டாந்தரம் போட்டுக் கேட்கிற மாதிரி
அவள் குரலைப் போட்டேன்.
“உப்பு” என்ற இடத்தில்
போனும் செத்தது.

அவளுடைய ஒல்லுப்போல எவ்வளவு?
சின்ன விரல்கள், கல்லுப்பைக் கிள்ளினால்
இரண்டு நகத்துக்கிடையில் நிற்கிற அளவு.
என் விரல்களோ
ஐஸும் செதிலும் அள்ளிப் பழகியவை.
இருட்டில் கிள்ளினேன்.
போதாதோ என்று
மறுகாவும் கிள்ளினேன்.

மெழுகுதிரியைச் சுற்றி மூன்று கோப்பை.
அர்ஹம் பாணைப் பிய்த்துத் தோய்த்தான்.
றிம்னா ஒரு வாய் குடித்து, என் முகத்தைப் பார்த்து,
எழும்பிப் போய்க் கேத்திலைத் தூக்கி வந்து
மூன்று கோப்பையிலும் சுடுதண்ணீர் ஊற்றினாள்.
ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.
பதின்மூன்று வயது.

“இது உம்மாட சூப்பா?” என்றான் சின்னவன்.
“உம்மா இஞ்ச இரிக்கக்குள்ள இத வெச்சதேயில்ல” என்றாள் அவள்.
உண்மைதான்.
இந்த வீட்டில் மழைக்கு அவள் வைத்தது
மிளகுத்தண்ணியும் சுட்ட கருவாடும்.
இது அங்கே படித்தது.
அவள் கை படித்த புதிய ஒன்று
அவளுக்கு முந்தி வீட்டுக்கு வந்து
எங்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறது,
ஆவி பறக்க.

“அப்ப இது உம்மாட புதுச் சூப்பு” என்று
தீர்த்துவிட்டான் அர்ஹம். அடிச்சட்டியை வழித்தான்.
தண்ணீர் கலந்ததால் எல்லோருக்கும் கொஞ்சம் கூடவே கிடைத்தது.
கால் சூடேறியது. மழை கிணற்றுக் கட்டில் அடித்தது.
இங்கே எட்டு மணி, அங்கே ஐந்தரை.
இப்போதுதான் அவள் பருப்புக் கழுவுவாள்.

கறண்ட் வர நடுச்சாமம் ஆயிற்று.
போன் கண் விழித்ததும் அவள் கேள்வி:
“உப்பு எப்பிடி?”
நல்லா இருந்தது என்று எழுத நினைத்து
“கூடிப்போச்சு” என்று எழுதினேன்.

பதில் நாலு செக்கன்.
மெசின் சுற்றுகிற இரைச்சலுக்கு மேலால்
வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்பு.
நாலாவது செக்கனில்
அந்தப் பெயர்.

மறுகா போட்டேன்.
மூன்றில் நிறுத்தினேன்.